பிரிப்பதா, குவிப்பதா: 1919-இல் செம்படையின் முன் இருந்த நான்கு குதிரைப்படை வழிகள்

1919 செப்டம்பரில், ரஷ்ய உள்நாட்டுப் போரின் நடுவே, போல்ஷ்விக் தலைவர் ட்ராட்ஸ்கி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே ஒரு கட்டளை: 'பாட்டாளியே, குதிரையேறு!' போல்ஷ்விக்குகளின் படையான செம்படையின் பெரிய குறை குதிரைப்படை போதாததுதான் என்று அதில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். குதிரைப்படை என்றாலே நிலப்பிரபு வீட்டுப் பிள்ளைகள், கொசாக்குகள் (ஜாருக்குக் குதிரைப்படை தந்த சமூகம்), ஜாரின் சாட்டை என்று பார்த்துப் பழகிய கட்சியின் போர்த்துறைத் தலைவர் அவர். ஆலைத் தொழிலாளியைச் சேணத்தில் உட்கார வையுங்கள் என்று அவரே கேட்கும் நிலை சும்மா வரவில்லை. அந்தக் கோடையில் போல்ஷ்விக்குகளை எதிர்த்த வெண்படையின் மாமன்தோவ் என்ற கொசாக் தளபதி செம்படையின் முதுகுப்புறமாக நாற்பது நாள் சுற்றிவிட்டுப் போயிருந்தார்.

குதிரை தேவையா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. அதை எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பதுதான் மிச்சம். வழிகள் நான்கு இருந்தன. காலாட்படை டிவிஷன்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம். மாமன்தோவைப் போல ஒரு கோரை (பல டிவிஷன்கள் சேர்ந்த படையணி) எதிரியின் பின்புறத்துக்கு ஏவிவிடலாம். உக்ரைன் விவசாயிப் படையின் தலைவர் மக்னோவைப் போல வண்டியில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றி, காலாட்படையையே சக்கரத்தின்மேல் வைக்கலாம். இல்லையென்றால் குதிரை வீரர்கள் எல்லோரையும் ஒன்றாகத் திரட்டி, அதற்கென்று தனி சேனையே (கோருக்கும் மேலான பெரும்படை) அமைக்கலாம். அந்த உள்நாட்டுப் போரில் நான்கையும் யாரோ ஒருவர் முயன்று பார்த்துவிட்டார்கள். அதனால் நாம் ஊகிக்க வேண்டியது குறைவு.

ஒரு சின்ன முன்கதை. முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் அகழியும் முள்கம்பியும் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்து குதிரைக்கு வேலை இல்லாமல் செய்திருந்தன. ரஷ்யாவில் நிலைமை வேறு. 1919 கடைசியில் செம்படைக்குத் தாளில் ஏறக்குறைய 30 லட்சம் பேர். ஆனால் துப்பாக்கியோடு முனையில் நின்றவர்கள் அதில் சிறுபகுதி. ஆயிரம் கிலோமீட்டர் நீளும் ஒரு போர்முனையில் அவர்களைப் பரப்பினால் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். சண்டையெல்லாம் ரயில் பாதையை ஒட்டி நடந்தது. பாதையை விட்டு நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் யாருமே இல்லை. அந்த வெற்று நிலத்தில் நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் நடப்பவனைவிட ஐம்பது கிலோமீட்டர் போகிறவன்தான் ராஜா.

வேகத்தை வைத்து இந்த நான்கையும் தரம் பிரிக்க முடியாது, எல்லாமே வேகமானவைதான். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள். எதிரியின் குதிரைப்படை மொத்தமாக எதிரே வந்தால் தாங்குமா? குதிரைக்குத் தீனியும் ஆளுக்குக் கூரையும் எங்கிருந்து வரும்? ஜெயித்த மறுநாள் சொன்ன பேச்சைக் கேட்குமா? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

முதல் வழியைச் சீக்கிரம் தள்ளிவிடலாம். டிவிஷனுக்குச் சில நூறு குதிரை வீரர்கள் இருந்தால் வேவு பார்ப்பார்கள், செய்தி கொண்டுபோவார்கள், தோற்று ஓடுபவனைத் துரத்துவார்கள். சொன்ன பேச்சையும் கேட்பார்கள், ஏனென்றால் தனியாக எங்கேயும் போக முடியாது. ஆனால் மாமன்தோவ் 1919 ஆகஸ்ட் 10 அன்று நோவோகோப்யோர்ஸ்க் பக்கம் எட்டாவது சேனையும் ஒன்பதாவது சேனையும் சந்திக்கும் மூட்டில் நுழைந்தபோது, அவரிடம் சுமார் 6,000 வாள்கள், அதாவது குதிரை வீரர்கள், கூடவே காலாட்படை, பீரங்கிகள். டிவிஷன் ஒன்றின் முந்நூறு குதிரைகள் இதன் எதிரே என்ன செய்யும்? ஒதுங்கி நின்று எண்ணிக்கொண்டிருக்கலாம்.

அந்த மாமன்தோவ் படையெடுப்புதான் இரண்டாவது வழிக்கு விளம்பரம். பார்க்க அற்புதமாக இருந்தது. ஆகஸ்ட் 18-இல் தம்போவ். பிறகு கோஸ்லோவ், அங்கேதான் செம்படையின் தெற்குப் போர்முனைத் தலைமையகமே இருந்தது, மூட்டை கட்டிக்கொண்டு ஓரியோலுக்கு ஓடியது. ஆகஸ்ட் கடைசியில் யெலெத்ஸ், செப்டம்பர் 11-இல் வொரோனெஷ். போகிற வழியெல்லாம் ரயில் பாலங்களும் கிடங்குகளும் எரிந்தன, யூதக் குடும்பங்கள் சூறையாடப்பட்டன. இவரைப் பிடிக்க லஷேவிச் தலைமையில் ஒரு 'உள்முனை'யையே திறக்க வேண்டியதாயிற்று. செம்படை தெற்கே தொடங்கவிருந்த தாக்குதலும் இதனால் குழம்பியது.

அப்புறம் திரும்பி வந்தார்கள். கொள்ளைப் பொருள் ஏற்றிய வண்டி வரிசை பல பத்து கிலோமீட்டர் நீண்டது என்கிறார்கள். உறவினருக்கும் நண்பருக்கும் பரிசுகள், தோன் கொசாக்குகளின் கருவூலத்துக்கு 6 கோடி ரூபிள், கோயில்களுக்குப் படங்களும் பாத்திரங்களும் கொண்டு வருகிறோம் என்று மாமன்தோவ் முன்கூட்டியே தந்தி அடித்தார். வீரர்களும் அதையேதான் செய்தார்கள்: கிடைத்ததை வீட்டில் சேர்க்கப் புறப்பட்டுவிட்டார்கள். முனைக்குத் திரும்பியபோது கோரில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான். செம்படை வாளால் செய்ய முடியாததை யெலெத்ஸ் கடைகளின் துணி மூட்டைகள் செய்து முடித்தன. எதிரிப் படைகளோடு மோதாமல் அவர் ஊர் ஊராகச் சுற்றினார் என்று தெற்கே வெண்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த தெனிகினே பின்னாளில் குறைபட்டுக்கொண்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. மாமன்தோவைத் துரத்தத்தான் தென்கிழக்கே ஜாரிட்ஸின் பக்கம் இருந்த செம்படைத் தளபதி புடியோன்னியின் குதிரைப்படைக் கோர் வடக்கே இழுக்கப்பட்டது. அந்தக் கோர் சரியான நேரத்தில் வொரோனெஷ் அருகே இருந்ததற்குக் காரணமே வெண்படையின் இந்தச் சாகசம்தான். எதிரியின் பின்புறத்தைக் கலக்கப் போனவர்கள், தங்களைத் தோற்கடிக்கப் போகிறவனைக் கையோடு அழைத்து வந்தார்கள்.

ஆகவே இரண்டாவது வழி: குதிரைப்படை எதிரே வந்தால் தாங்கும், தீனி கொள்ளையில் கிடைக்கும், மறுநாள் பேச்சு கேட்காது. கொள்ளையில் தின்னும் படை கொள்ளைக்காகவே நகரத் தொடங்கும். அது மாமன்தோவின் குணக்கேடு மட்டுமல்ல, அந்த ஏற்பாட்டிலேயே உள்ள கோளாறு.

மூன்றாவது வழிக்கு என் மனதில் தனி இடம் உண்டு. மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியும் அதன் தாங்கியும் கேடயமும் சேர்ந்தால் அறுபது கிலோவுக்கு மேல். அதைத் தோளில் சுமந்து குதிரைப்படையோடு ஓட முடியாது. தெற்கு உக்ரைனின் புல்வெளியில் வசதியான விவசாயிகளிடமும் ஜெர்மன் குடியேறிகளிடமும் வில் வைத்த இலகு வண்டிகள் ஏராளம். அதன் பின்பக்கம் துப்பாக்கியைப் பொருத்தி, மூன்று நான்கு குதிரைகளைப் பூட்டினால் தச்சங்கா தயார். எதிரியை நோக்கிப் பாய்ந்து, சட்டென்று திரும்பி, வண்டியின் முதுகை அவனுக்குக் காட்டிச் சுட வேண்டும். ஆபத்து வந்தால் குதிரைகள் ஏற்கனவே ஓட வேண்டிய திசையைப் பார்த்துத்தான் நிற்கின்றன. ஓடிக்கொண்டே சுடலாம்.

1919 செப்டம்பர் 26-இல் உமான் அருகே பெரெகோனோவ்காவில் தன்னைச் சூழ்ந்திருந்த தெனிகின் படைகளை மக்னோ உடைத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு சில வாரங்களுக்குள் அலெக்சாந்த்ரோவ்ஸ்க், பெர்தியான்ஸ்க், மரியுபோல். தெனிகினின் தலைமையகம் இருந்த தாகன்ரோக் பக்கம்கூட ஆட்டம் கண்டது. மாஸ்கோவை நோக்கிப் போக வேண்டிய கொசாக் பிரிவுகளை இதற்காகத் திருப்ப வேண்டியிருந்தது. மாமன்தோவின் பயணத்தைவிட இது பன்மடங்கு பயன் தந்தது என்பது என் கணிப்பு, செலவோ ஒன்றுமில்லை.

செலவில்லாததற்குக் காரணம் உண்டு. களைத்த குதிரையை ஊரில் விட்டுவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொள்ள அந்த ஊர்க்காரன் உங்களை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மக்னோவின் ஆட்களுக்கு அது சொந்த ஊர். தூலாவின் உலோகத் தொழிலாளிக்கும் இவானோவோவின் நெசவாளிக்கும் யார் குதிரை மாற்றித் தருவார்கள்? தவிர, அந்த ஆண்டுக் கடைசியில் டைபஸ் காய்ச்சல் வந்ததும் மக்னோவின் படை கலைந்துபோனது. மருத்துவ ஏற்பாடு, பின்களம், தொடர்ச்சி என்று எதுவும் கிடையாது. செம்படை இந்த வழியை எடுக்க முடியாது. வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டது.

நான்காவது வழி செம்படையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அதே கோடையில் எதிர்த்தரப்பில் தெனிகினின் கீழிருந்த தளபதி ராங்கெலும் இதையேதான் சொன்னார்: குதிரைப்படையைக் கார்க்கிவ் பக்கம் ஒன்றாகத் திரட்டி, நேராக மாஸ்கோவை நோக்கி அனுப்புங்கள். மாஸ்கோவுக்குள் முதலில் நுழையும் பெருமை உங்களுக்கு வேண்டும் போலிருக்கிறது என்று தெனிகின் தட்டிக்கழித்ததாக ராங்கெல் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். டிசம்பருக்குள் மனம் மாறி அவரிடமே பொறுப்பைக் கொடுத்தபோது குதிரைகள் எலும்பும் தோலுமாக இருந்தன. குபான் கொசாக்குகள், தங்கள் ராதாவின் (சட்டமன்றம்) உறுப்பினர் ஒருவர் நவம்பரில் தூக்கிலிடப்பட்ட கோபத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதிகக் குதிரையும் அனுபவமும் இருந்த தரப்பு தயங்கியது. குறைவாக இருந்த தரப்பு செய்தது.

செய்தது எப்படி? இங்கே தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அக்டோபர் 24-இல் புடியோன்னி வொரோனெஷை எடுக்கிறார். தோற்றவர்கள் மாமன்தோவும் ஷ்குரோ என்ற இன்னொரு கொசாக் தளபதியும். நவம்பர் 15-இல் பனிப்புயலுக்கு நடுவே கஸ்தோர்னயா ரயில் சந்திப்பு விழுகிறது. குர்ஸ்க், யெலெத்ஸ், வொரோனெஷ் பாதைகள் சந்திக்கும் இடம் அது. அது போனதும் தெனிகினின் தொண்டர் படைக்கும் தோன் கொசாக் படைக்கும் நடுவே ஆப்பு இறங்கியது. போரின் திருப்புமுனை ஓரியோலில் நடந்ததா, இங்கே நடந்ததா என்று வாதிடலாம். இந்த இரண்டு வெற்றியும் இல்லாமல் திருப்பம் நிலைத்திருக்காது. புடியோன்னியின் கோரை முதலாம் குதிரைப்படைச் சேனையாக உயர்த்தும் உத்தரவு வந்தது எப்போது? நவம்பர் 17-க்கும் 19-க்கும் இடையில்.

அதாவது பெரிய வேலை இரண்டையும் முடித்தது சேனை அல்ல, கோர். உத்தரவு வெற்றிக்குப் பின்னால் வந்த பரிசு.

சேனை ஆனதால் கிடைத்தது என்ன? டிசம்பரில் இரண்டு காலாட்படை டிவிஷன்கள், 9-ஆவதும் 12-ஆவதும், அதன் கீழ் வந்தன. கவச ரயில்களும் வந்தன. தோன்பாஸ் நிலக்கரிப் பகுதியைக் கடந்து ஜனவரி 10-க்குள் ரோஸ்தோவ் கைக்கு வந்தது. இந்த வேகத்துக்குக் காரணம் வாள் மட்டும் அல்ல. குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றிப் போகும். கவச ரயிலும் காலாட்படையும் எதிரியை முன்னால் பிடித்து வைத்திருக்கும். பிடித்து வைக்க ஆள் இல்லாத குதிரைப்படை எதிரியை விரட்ட மட்டும்தான் முடியும்.

கூடவே இன்னொன்றும் கிடைத்தது. சேனை என்றால் அதற்கென்று, தளபதியும் கட்சிப் பிரதிநிதிகளும் சேர்ந்த ஒரு புரட்சி ராணுவக் குழு உண்டு. புடியோன்னியின் பக்கத்தில் வோரோஷிலோவும் ஷாதென்கோவும் உட்கார்ந்தார்கள். வோரோஷிலோவ் ஸ்டாலினின் ஆள். போர்முனைத் தளபதியைத் தாண்டி மேலிடத்தோடு நேராகப் பேசும் வாய்ப்பு வந்துவிட்டது. கோருக்கு அது கிடையாது.

விளைவு இரண்டே மாதத்தில் தெரிந்தது. ரோஸ்தோவில் படை குடித்துக் கூத்தடித்தது. தோன் ஆற்றின் எதிர்க்கரையில் பதாய்ஸ்க், நடுவே சரியாக உறையாத சதுப்பு. அதன் வழியே தாக்கச் சொன்னார் முனைத் தளபதி ஷோரின். குதிரைகள் சேற்றில் புதைந்தன, தாக்குதல் தோற்றது. படை தன் புகழை ரோஸ்தோவின் ஒயின் கிடங்குகளில் மூழ்கடித்துவிட்டது என்றார் ஷோரின். புடியோன்னி பிப்ரவரி 1 அன்று லெனினுக்கே முறையீட்டுக் கடிதம் எழுதினார். சதுப்பு விஷயத்தில் புடியோன்னி சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாற்றப்பட்டவர் ஷோரின். தளபதியைப் பிடிக்கவில்லை என்றால் தளபதியையே மாற்றலாம் என்ற பாடத்தை அந்தச் சேனை அன்று கற்றுக்கொண்டது.

தீனியும் கூரையும் பற்றிச் சொன்னேனே, அதற்கான உதாரணம் இதே மாதத்தில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் வெண்படையின் ஜெனரல் பாவ்லோவ் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குதிரை வீரர்களைத் திரட்டி மானிச் ஆற்றின் ஓரமாகப் புறப்பட்டார். அவர் எடுத்தது இடது கரை, ஆளில்லாத வெட்டவெளி. கடுங்குளிர், காற்று, தீ மூட்ட விறகு கிடையாது. செம்படையோ தோர்கோவயாவில் வீடுகளுக்குள் இருந்தது. இரவில் வந்து தாக்கிய பாவ்லோவின் ஆட்களுக்குத் துப்பாக்கியின் பூட்டை இழுக்கவே விரல் வளையவில்லை. தாக்குதல் தோற்றதும் மறுபடி அதே வெளியில் பின்வாங்க வேண்டும். பாதிப் படை உறைபனிக்குப் போனது. மாத இறுதியில் யெகோர்லிக்ஸ்கயாவில் இரு தரப்பிலும் சேர்த்து 25,000 வரை குதிரை வீரர்கள் மோதியபோது, உள்நாட்டுப் போரின் மிகப்பெரிய குதிரைச் சண்டை என்று சொல்லப்படும் அந்தச் சண்டையின் முடிவு பாதி அந்த வெட்டவெளியிலேயே எழுதப்பட்டிருந்தது. திரட்டுவது பலம்தான், திரட்டிய பத்தாயிரம் குதிரைகளையும் ஒரே இரவில் இழக்கவும் முடியும்.

இங்கே நான்காவது வழியின் பக்கம் நின்று ஒரு வாதம் சொல்லியாக வேண்டும். 1920 ஏப்ரலில் இந்தச் சேனையைக் காக்கசஸ் அடிவாரத்து மைகோப்பிலிருந்து போலந்து முனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ரயிலில் ஏற்றலாம் என்றது தலைமை. உடைந்த பாதையும் இல்லாத பெட்டிகளுமாக அதற்கு மாதக்கணக்கில் ஆகும், போகிற வழியில் குதிரைக்குத் தீனியும் கிடைக்காது, நடந்தே போகிறோம் என்றார்கள் புடியோன்னியும் வோரோஷிலோவும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது சொச்சம் நாளில் உமான் பக்கம் சேர்ந்தார்கள். வசந்தப் புல் முளைக்கும் பருவம் என்பதால் கணக்கு சரியாக வந்தது. மே கடைசியில் போலந்து அகழிகளின் மேல் நேராகப் பாய்ந்து அடி வாங்கினார்கள். ஜூன் 5-இல் ஸம்ஹோரோதோக் பக்கம் இடைவெளி பார்த்து நுழைந்தார்கள். 7-ஆம் தேதி ஷிதோமிரும் பெர்திசிவும் கைக்கு வந்தன. பின்புறம் அறுந்துபோன போலந்துப் படை கீவை விட்டு வெளியேறியது. இந்த அளவு வேலையை ஒரு தனிக் கோர் செய்திருக்குமா என்றால், சிரமம்தான்.

சரி, ஆகஸ்ட். மேற்கு முனைத் தளபதி துகச்செவ்ஸ்கி வார்சாவை நெருங்கிக்கொண்டிருக்கிறார். தென்மேற்கில் புடியோன்னி லிவிவ் நகரை முற்றுகையிடப் போகிறார். ஆகஸ்ட் 11-இல் தலைமைத் தளபதி காமெனெவ், குதிரைப்படையை லிவிவ் பக்கமிருந்து எடுத்து மேற்கு முனைக்கு மாற்ற உத்தரவிடுகிறார். 13-ஆம் தேதி, முனையின் குழு உறுப்பினரான ஸ்டாலின் மாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட மறுக்கிறார். குழுவின் இன்னொரு உறுப்பினர் பெர்ஸின் கையெழுத்துப் போடுகிறார். அதன் பிறகு வந்த உத்தரவில் ஒரு கையெழுத்து குறைகிறது என்ற சாக்கு, பிறகு சண்டையிலிருந்து விலக முடியவில்லை என்ற சமாதானம். ஆகஸ்ட் 17-இல் ஸத்வூஷே ரயில் நிலையத்தில் முந்நூற்றுச் சொச்சம் போலந்துத் தொண்டர்கள் ஒரு நாள் முழுக்கச் செத்துச் செத்து நின்றார்கள். 20-ஆம் தேதிதான் சேனை லிவிவை விட்டு நகர்ந்தது. போலந்தின் எதிர்த்தாக்குதல் 16-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. 31-இல் கோமாரூவ் அருகே புடியோன்னியே அடி வாங்கினார்.

உடனே கிளம்பியிருந்தால் வார்சா விழுந்திருக்கும் என்று துகச்செவ்ஸ்கியின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. களைத்த குதிரைகளோடு 13-ஆம் தேதி கிளம்பினால்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்வது கடினம். ஆனால் கேள்வி அது இல்லை. சேனைக்குப் போக விருப்பமில்லை. போகாமல் இருக்கவும் அதற்கு வழி இருந்தது. பின்வாங்கும்போது நிலைமை இன்னும் மோசம்: வோலின் பகுதி ஊர்களில் சேனையின் 6-ஆவது டிவிஷன் ஆட்கள் யூதர்களைக் கொன்று சூறையாடினார்கள், தடுக்கப்போன தங்கள் கமிசாரையே (கட்சியின் அரசியல் அதிகாரி) கொன்றார்கள். சில ரெஜிமென்ட்கள் கலைக்கப்பட்டன, பலர் சுடப்பட்டார்கள். மாமன்தோவின் நோய் இங்கேயும் வந்துவிட்டது.

ஆகவே 1919 நவம்பரில் செர்புகோவ் தலைமையகத்தின் மேசையில் அந்த உத்தரவு என் முன்னால் வந்திருந்தால், குதிரைகளைத் திரட்டும் பகுதிக்குச் சம்மதம் சொல்லியிருப்பேன். காலாட்படையையும் கவச ரயிலையும் சேர்த்துக் கொடுப்பதற்கும் சம்மதம். 'சேனை' என்ற பட்டத்தையும் அதனோடு வரும் தனிக் குழுவையும் மட்டும் அடித்திருப்பேன். போர்முனைத் தளபதியின் நேரடிக் கையில் இருக்கும் கனமான கோர், வேண்டும்போது இரண்டு கோர் சேர்ந்த ஒரு குழு; அதற்கு மேல் வேண்டாம். அரசியல் வேண்டியவர்களுக்குக் குதிரைகள் கொடுக்கக் கூடாது என்பதுதான் இதன் சுருக்கம்.

இதற்கு நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு: ஷ்லோபா. 1920 ஜூன் கடைசியில், தெனிகினுக்குப் பின் வெண்படைத் தலைமைக்கு வந்த ராங்கெலை உடைக்க அனுப்பப்பட்ட பெரிய குதிரைப்படைக் குழு இந்தச் செம்படைத் தளபதியுடையது. நான் கேட்கும் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட அருகில் வரும். ஜூலை 3-க்குள் வடக்குத் தாவ்ரியாவின் வெளியில் அது சிதறிப்போனது, குதிரைகள் ஆயிரக்கணக்கில் ராங்கெலிடம் போய்ச் சேர்ந்தன. எப்படித் தோற்றது என்று பார்த்தால் என் நிபந்தனை இன்னும் உறுதியாகிறது. ராங்கெல் பக்கம் காலாட்படை, கவச ரயில், மேலிருந்து சுடும் விமானங்கள். ஷ்லோபாவோ தன் காலாட்படையைப் பின்னால் விட்டு வெகுதூரம் முன்னேறியிருந்தார். பிடித்து வைக்க அவரிடம் யாரும் இல்லை, பிடிபட்டவர் அவரே.

அந்த இடிபாட்டிலிருந்து கட்டியதுதான் இரண்டாம் குதிரைப்படைச் சேனை. செப்டம்பரில் அதன் தலைமைக்கு மிரோனோவ் வந்தார், தோன் கொசாக். நவம்பர் 11 அன்று, கிரிமியாவின் வாயிலான பெரெகோப் உடைந்த வேளையில், கார்போவா பால்காவில் ராங்கெலின் குதிரைப்படை பார்போவிச் தலைமையில் எதிரே வந்தது. செம்படைக் குதிரை வரிசை பாய்ந்து போய், மோதுவதற்குச் சற்று முன்பு இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் விலகியது. நடுவில் தெரிந்தவை தச்சங்கா வரிசைகள், துப்பாக்கி முனைகளோடு. அந்த வண்டிகள் மிரோனோவுடையவையா, அப்போது கூட்டாளியாக இருந்த மக்னோவின் ஆட்களுடையவையா என்று இரு தரப்பும் இன்றுவரை உரிமை கொண்டாடுகின்றன. யாருடையவையாக இருந்தாலும், வாளை எதிர்பார்த்து வந்தவர்கள் வாளைச் சந்திக்கவே இல்லை. மிரோனோவை அடுத்த ஆண்டு ஏப்ரல் 2-இல் மாஸ்கோவின் புதிர்க்கா சிறையில் சுட்டார்கள். புடியோன்னியும் வோரோஷிலோவும் 1935-இல் மார்ஷல்கள் ஆனார்கள்.